சட்டி கொண்டு வந்தால் ஒரு கரண்டி கூடுதல்

கொரோனா வந்த அந்த வருடம் மழையும் தன் பங்குக்கு வந்து சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டது. இஞ்சியோன் நகரத்தில் ஐம்பது நாளுக்கு மேல் வானம் வெளுக்கவே இல்லை. இது மழைக்காலமே இல்லை, பருவத்துக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று டிவியில் சொன்னார்கள். சாப்பாட்டுக் கடை நடத்தும் தாக் மல்சுனுக்கு அதையெல்லாம் கேட்க நேரமில்லை. வசந்தம் முழுக்கக் காலி மேஜைகளைத் துடைத்துத் துடைத்து ஓய்ந்தவள், இப்போது வீடுகளுக்கு அனுப்பும் ஆர்டர்களால்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

காரமான டோஃபு குழம்புக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா, சோற்றுக்கு ஒன்று, கிம்ச்சி ஊறுகாய்க்கு ஒன்று, முள்ளங்கிக்கு ஒன்று. ஐம்பத்தெட்டு வயதில் தனியாக நிற்கிறவளுக்குக் கடைதான் எல்லாம். சாப்பிட்ட பிறகு டப்பாக்கள் எங்கே போகின்றன என்று அவள் யாரையும் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பது வசதியாக இருந்தது.

அவை போனது எதிரே இருந்த நூற்றெட்டு வீட்டுக் குடியிருப்பின் குப்பைக் கொட்டகைக்கு. அங்கே வாட்ச்மேன் பியோ சாங்ரே. கேட் திறப்பது, பார்சல் வாங்கி வைப்பது, இலை பெருக்குவது, வியாழக்கிழமை வரும் மறுசுழற்சி வண்டிக்குக் குப்பையைப் பிரித்துக் கொடுப்பது எல்லாம் அவர் ஒருத்தர்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற வேலை. கூட்டம் ஓய்ந்தபின் மத்தியானம் இரண்டு மணிக்கு மல்சுன் கடையின் ஜன்னலோர மேஜைக்கு வருவார்.

மழை விட்டு வெயில் வந்த திங்கட்கிழமையும் வந்தார்.

"என்ன வாட்ச்மேன் சார், மழை விட்டுடுச்சு, உங்க மூஞ்சி மட்டும் இன்னும் விடலயே?"

"ரெண்டு வாரமா வண்டிக்காரன் டப்பாவ ஏத்தாமப் போயிட்டான், முதலாளியம்மா. சிவப்புக் கறையோட இருந்தா எடுக்க மாட்டானாம். எரிக்கத்தான் ஆகுமாம். இந்த வியாழனும் திரும்பிட்டா நான் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். என்ன வேலைய விட்டு அனுப்பச் சொல்லி லிஃப்ட்ல கையெழுத்துத் தாள் ஒட்டியாச்சு. பாதி வீடு போட்டாப் போதும்."

அவள் மேஜை துடைத்த துணியைக் கீழே வைத்தாள். "யாரு கடைக் குழம்புக் கறை?"

"எத்தனையோ கடை இருக்கு." அவர் சோற்றுக் கிண்ணத்தை விட்டுத் தலை தூக்கவில்லை. "கவலைப்படாதீங்க. மழையில சேந்தது எல்லாத்தையும் கழுவி மாடியில காய வச்சிருக்கேன். ரெண்டு நாள் வெயில் பட்டா வெளுத்துடும்."

வாஸ்தவம்தான். கழுவிக் கழுவிப் போகாத மிளகாய்ச் சிவப்பை வெயில் தின்றுவிடும். கிம்ச்சி டப்பாவை பால்கனியில் வைக்காத வீடு அந்த ஊரில் உண்டா? ஆனால் ஒரு மழைக்காலத்து டப்பா முழுவதையும் மொட்டை மாடியில் பரப்பிய ஒரே மனிதர் பியோதான்.

தெற்கே கடலில் புயல் இருந்தது. புதன் ராத்திரிதான் காற்று வரும் என்றார்கள். பியோ அதை அப்படியே நம்பி, மீன்வலையை மேலே விரித்து, ஓரத்தில் செங்கல் வைத்துவிட்டு, சாயங்காலம் அள்ளிக்கொள்ளலாம் என்று இருந்தார். காற்று புதன் மத்தியானம் மூன்று மணிக்கே வந்தது.

கடை வாசலில் நின்ற மல்சுன் முதலில் வெள்ளையாக ஒன்று பறப்பதைப் பார்த்தாள். பிறகு பத்து. பிறகு மாடி விளிம்பிலிருந்து வலையே எழும்பி, வானம் முழுக்க டப்பா. கார்களின் மேல் தடதடவென்று விழுந்தன, செர்ரி மரங்களில் சிக்கின, சேற்றில் புரண்டன. மாஸ்க்கை மாட்டிக்கொண்டு அவள் ஓடினாள்.

குடியிருப்பே கீழே இறங்கி வந்திருந்தது. மாதக்கணக்கில் வீட்டுக்குள் கிடந்தவர்கள் தள்ளித் தள்ளி நின்று, தாங்கள் சாப்பிட்டுத் தீர்த்ததையெல்லாம் ஒரே இடத்தில் பார்த்தார்கள். முதலில் வாயைத் திறந்தது குடியிருப்போர் சங்கத் தலைவி திருமதி யோம்தான்.

"இவ்வளவும் எந்தக் கடையிது? ஒண்ணுலயும் லேபிளக் காணோமே. வாட்ச்மேன் ஐயா, உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?"

"தெரியாதுங்க," என்றார் பியோ. தொப்பி பறந்துபோய், தலைமுடி கலைந்து, அடிவாங்கியவர் போல நின்றிருந்தார்.

மல்சுன் காலடியில் கிடந்த ஒன்றை எடுத்தாள். எட்டு மூலை டப்பா. அந்த வட்டாரத்தில் அதை வாங்குகிறவள் அவள் ஒருத்திதான். மூடியில் அவளுடைய கடை லேபிள் இருந்த இடத்தை யாரோ நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்திருந்தார்கள். இன்னொன்றை எடுத்தாள், அதுவும் அப்படியே. கண்ணுக்கு எட்டிய மட்டும் எட்டு மூலை. இத்தனையையும் உட்கார்ந்து சுரண்டியிருக்கிறார் மனுஷன்.

வாயை மூடிக்கொண்டு கடைக்குத் திரும்பியிருக்கலாம். அவளுடைய ஆர்டரில் முக்கால்வாசி இந்த நூற்றெட்டு வீட்டிலிருந்துதான்.

"என்னோடது," என்றாள். "டப்பா என் கடையிது."

பியோ வேண்டாம் என்று கையை ஆட்டினார். அவள் பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள்.

"போட்டுக் கொடுத்தது நான். சாப்பிட்டது நீங்க. ரெண்டு பேரும் பண்ணினதக் கழுவினது மட்டும் அவரு. அவர வீட்டுக்கு அனுப்பிட்டு அடுத்த வாரம் யாரக் கழுவச் சொல்லப் போறீங்க?"

"அதுக்காக? பட்டினி கிடக்கச் சொல்றீங்களா?" என்றார் ஏழாம் மாடிக்காரர் ஒருத்தர்.

"சட்டி கொண்டு வாங்க."

"கொரோனா காலத்துல ஊர் சட்டியெல்லாம் உங்க அடுப்படிக்குள்ளயா? நல்லா இருக்கே நியாயம்!" என்றாள் திருமதி யோம்.

"உள்ள யாரு விடப்போறா? வாசல்ல மேஜை போடறேன். சட்டிய வச்சுட்டுத் தள்ளி நில்லுங்க, மேலருந்து ஊத்தறேன். கரண்டி சட்டியத் தொடாது. சட்டி கொண்டு வர்றவங்களுக்கு ஒரு கரண்டி கூடுதல்."

திருமதி யோம் குனிந்து, டப்பாக்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, ஒரு இருபதை எடுத்துக்கொண்டு லிஃப்ட்டுக்குப் போனாள். மற்றவர்களும் ஆளுக்கு இருபது எடுத்தார்கள். சிவப்பு ஏற்கெனவே போயிருந்தது, சேற்றைக் கழுவினால் போதும். வியாழன் காலை வண்டிக்காரன் மூட்டை மூட்டையாக வெள்ளை டப்பாக்களைப் பார்த்து, "இது எந்த ஊருக் குப்பை?" என்று கேட்டுவிட்டு மறுபேச்சில்லாமல் ஏற்றிக்கொண்டான்.

ஆனால் லிஃப்ட்டில் தாள் சனிக்கிழமை வரை இருந்தது. மல்சுனுக்கு அந்த இரண்டு நாளும் உப்பு எது, சர்க்கரை எது என்று தெரியவில்லை. வாசலில் மேஜை போட்டாள். முதல் நாள் ஒன்பது சட்டி வந்தது. மறுநாள் முப்பத்தொன்று. சனிக்கிழமை சாயங்காலம் வரிசை தெருமுனை தாண்டியது. கடைசி ஆளாகப் பியோ நின்றிருந்தார், கையில் ஒரு பழைய அலுமினியச் சட்டி.

"தாள் என்னாச்சு?" என்று கேட்டாள்.

"முப்பத்தாறு பேர் போட்டிருந்தாங்க. அதுல முப்பத்திரண்டு பேர் கையெழுத்த அடிச்சுட்டாங்க. யோம் அம்மாதான் முதல்ல அடிச்சாங்களாம்." சட்டியை மேஜையில் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றார். "இன்னும் மூணு மாசம் இருக்கேன்."

அவள் கரண்டியை எடுத்தவள் அப்படியே நின்றாள்.

"லேபிள எதுக்குச் சுரண்டினீங்க?"

"உங்க பேரு இருந்தா உங்களத் திட்டுவாங்க. பேரு இல்லாட்டி என்னத் திட்டுவாங்க." அவர் சிரித்தார். "எனக்கு அது பழக்கம்தானே."

கண்ணில் வந்த நீருக்கு அவள் குழம்பு ஆவிமேல் பழிபோட்டாள். சட்டியின் விளிம்பு வரை ஊற்றினாள். அவர் அதை எடுக்கக் கை நீட்டியபோது, கொடுக்காமல், தானே இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டாள்.

"உள்ள வாங்க. நானும் இன்னும் சாப்பிடல."