நூற்றுப் பதினெட்டு

பிரசவ நோவில் கிடந்த அம்னாவின் வயிற்றில் கட்டியிருந்த, பிள்ளையின் துடிப்பை எண்ணும் மெசின் நூற்று நாற்பது காட்டியவரை, பேறு பார்க்கும் மிட்வைப் சுலோஜனாவுக்குக் கவலையில்லை. காலை பத்து மணிக்குப் பிறகு, ஒவ்வொரு நோவும் விட்டுப்போகிற நேரம் பிள்ளையின் துடிப்பு தொண்ணூறுக்கு இறங்கியது. திரும்ப ஏறவும் சுணங்கியது. அப்படிச் சுணங்குவது நல்லதற்கல்ல. மெசினின் தாளில் விழுந்த கோட்டை அவள் திரும்பத் திரும்பப் பார்த்தாள். அம்னா ஏற்கெனவே இரண்டு பிள்ளை தங்காத பெண்.

அந்தச் சின்ன ஆசுபத்திரியில் ஒப்பரேசன் தியேட்டர் ஒன்று, டொக்டரும் ஒருவர். அவருக்குப் போனில் சொன்னாள்.

"அடுத்தது அவவத்தான் எடுப்பம். இடப்பக்கம் சரிச்சுப் படுக்க வையுங்க."

சரித்ததில் மெசினின் பட்டி நழுவியது. இழுத்துக் கட்டினாள். நூற்றுப் பதினெட்டு. நோவு வந்தது, போனது, துடிப்பு இறங்கவேயில்லை.

"புள்ள சொகமா இரிக்கா மிஸி?"

"ஓம் தங்கச்சி. இப்ப நல்லா அடிக்குது."

அம்னா அழுதழுது சிரித்தாள். அந்தச் சந்தோஷத்தில் சுலோஜனா தியேட்டருக்கும் சொல்லிவிட்டாள்: "சரியாயிட்டு டொக்டர், அவசரமில்ல." நுணலும் தன் வாயால் கெடும்.

பத்து நிமிடம் கழித்து நாடி எழுத அம்னாவின் கையைப் பிடித்தாள். பட்டி கட்டிய கையோடு செய்திருக்க வேண்டிய வேலை அது. விரலுக்கடியில் ஓர் அடி, மெசினின் சத்தத்தில் ஓர் அடி. இரண்டும் ஒன்றாகவே விழுந்தன. மெசினுக்கு வெட்கம் கிடையாது, எவருடைய நெஞ்சு அகப்பட்டாலும் எண்ணும். இவ்வளவு நேரமும் அது எண்ணியது தாயை.

கருவியை நகர்த்தி, அழுத்தி, தேடினாள். கடைசியில் பிள்ளை அகப்பட்டது. அறுபத்தெட்டு.

"நீங்கதானே அவசரமில்ல எண்டீங்க!" டொக்டர் போனில் கத்தினார். "மத்தவவ எடுத்து வயித்தத் திறந்திட்டன். இருபது நிமிஷமாவது வேணும்."

மட்டக்களப்புப் பெரியாசுபத்திரிக்கு அனுப்பினால் வழியிலேயே முக்கால் மணித்தியாலம் போய்விடும். சுலோஜனா கருவியை விடாமல் அழுத்திப் பிடித்தாள்.

"ஏன் மிஸி சத்தம் மெதுவாப் போகுது? முந்தின மாதிரி வையுங்களன்."

சுலோஜனா உள்ளதைச் சொன்னாள்.

"முந்திக் கேட்டது உங்கட நெஞ்சு அடிச்ச சத்தம் தங்கச்சி."

அம்னா தன் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தாள். படபடவென்று அடித்தது.

"இதப் புள்ளைக்குக் குடுக்க ஏலாதா மிஸி?" என்று கேட்டாள்.