அவளுக்கு வந்த அளவு

பியூரெட் என்ற அளவுக்குழாயின் திருகை மூடிவிட்டுக் கூம்புக் குடுவையைக் குலுக்கிப் பார்த்தாள். இளஞ்சிவப்பு கலையவில்லை. குனிந்து, கண்ணைக் கோட்டுக்கு நேராக வைத்து அளவைப் படித்தாள். பதினொன்றைத் தாண்டி ஒரு சின்னக் கோடு. போன தடவையும் அதேதான். பக்கத்து மேசைகளிலோ எல்லோருக்கும் சொல்லிவைத்தாற்போல் பத்து புள்ளி இரண்டு.

முதலாண்டு வேதியியல் வகுப்பில் அவளுக்குப் பெயர் ஆன்ட்டி. நாற்பதைத் தாண்டியவள். வகுப்பு முடிந்ததும் அழகு நிலையத்துக்கு ஓடுவாள். கல்யாணமான புதிதில் பிடித்த வேலை அது; அடுத்தவர் தலைக்குச் சாயம் பூசிப் பூசி அவள் விரலிடுக்கெல்லாம் வெடித்துப்போயிருந்தது. சாயம் கொண்டுவரும் விற்பனைக்காரரிடம் இதில் என்ன இருக்கிறது என்று கேட்டால், எல்லாம் மூலிகைதான் அக்கா என்பார். தோல் டாக்டரைக் கேட்டால், ஏதோ கெமிக்கல் ஒத்துக்கவில்லை, வேறு வேலை பாருங்கள் என்பார். முதலாளியம்மா ஒரு ஜோடி கையுறையைக் கொடுத்து வாயை அடைத்தாள். என்ன கெமிக்கல் என்று மட்டும் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. நீங்கள் சொல்லாவிட்டால் போங்கள், நானே படித்துத் தெரிந்துகொள்கிறேன் என்று பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போட்டாள். வீட்டில் சிரித்தார்கள். இடம் கிடைத்ததும் சிரிப்பு நின்றது. மகள்தான் அழுதுவிட்டாள். அவள் அதே துறையில் இரண்டாமாண்டு.

வளாகத்தில் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளக் கூடாது என்று மகள் கண்டிஷன் போட்டிருந்தாள். எதிரெதிரே வந்தால் ஒருத்தி அறிவிப்புப் பலகையைப் பார்ப்பாள், இன்னொருத்தி கைப்பைக்குள் எதையோ தேடுவாள். மோல் கணக்கு என்றால் என்னவென்று விளங்குவதற்குள் அம்மாவுக்கு மண்டை காய்ந்துபோனது. முதல் தேர்வில் கோட்டை விட்டாள். பேசாமல் மனையியலுக்கு மாறிக்கொள்ளுங்களேன் என்று துறைத்தலைவர் பதமாகச் சொல்லிப் பார்த்தார். மறுநாளும் முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

நேற்று மகளே வலிய வந்து உதவினாள். இந்தச் சோதனைக்கு என்ன வந்தாலும் பத்து புள்ளி இரண்டு என்றுதான் எழுத வேண்டும், சீனியர்கள் எல்லாரும் அப்படித்தான் எழுதினோம், சாருக்கும் அதுதான் வேண்டும் என்றாள். அப்புறம் எதற்கு அதைச் செய்து பார்ப்பது என்று அம்மா கேட்டாள். மகள் கதவை அறைந்து சாத்திக்கொண்டாள்.

ஆய்வக ஆசிரியர் மேசை மேசையாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டு வந்தார். கெட்டவர் இல்லை. இந்தக் கூட்டத்தையும் அடுத்து வரப்போகும் கூட்டத்தையும் ஒற்றை ஆளாகக் கட்டி மேய்த்து அலுத்துப்போனவர். அவளுடைய அளவைப் பார்த்ததும் பேனா நின்றது.

"எல்லாருக்கும் பத்து புள்ளி ரெண்டு. உங்களுக்கு மட்டும் எப்படிம்மா பதினொண்ணு?"

அவள் இரண்டு தடவை செய்ததைச் சொன்னாள். எங்கேயோ தவறு செய்திருக்கிறீர்கள் என்றார். இருக்கலாம், எங்கே என்று காட்டுங்கள் என்றாள். அதற்கெல்லாம் நேரமில்லை, அடித்துவிட்டுச் சரியாக எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். இல்லாவிட்டால் செய்முறையில் பூஜ்யம்தான், வருஷமே போய்விடும் என்றார். பக்கத்திலிருந்த பெண் அவளுடைய வெள்ளைக் கோட்டின் நுனியைப் பிடித்து மெல்ல இழுத்தாள்.

"எனக்கு வந்தது இதுதான் சார். தப்புன்னா தப்புன்னு போடுங்க. மாத்தி எழுத மாட்டேன்."

ஆசிரியர் ஒரு பூஜ்யத்தைப் போட்டுவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தார். அவளுக்குக் காது மடல் சுட்டது. பெற்ற பெண்ணின் வயசுப் பிள்ளைகள் முன்னால் வாங்கிய பூஜ்யம். கண்ணில் நீர் முட்டியது. இவர்கள் முன்னால் அது விழக்கூடாது என்று வராந்தாவுக்கு வந்தாள்.

அதற்குள் சேதி பரவியிருந்தது. மகள் மூச்சிரைக்க வந்து நின்றாள். அத்தனை பேர் பார்க்க அம்மாவின் கையைப் பிடித்தது அவளுக்கே உறைத்ததோ என்னவோ.

"ஏம்மா இப்படி மானத்த வாங்கற? ஒரு நம்பர்தானே. எழுதிட்டுப் போயேன்."

"அந்த நம்பர் உனக்கு வந்துச்சாடி?"

மகள் சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள்.

"போன வருஷம் நீ செஞ்சப்ப உனக்கு என்ன வந்துச்சு?"

"ஞாபகமில்ல," என்றாள் மகள். பிடித்திருந்த கை தளர்ந்தது.

அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். ஆசிரியர் நாற்காலியில் சாய்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை செய்கிறேன், நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள். என் கையில் கோளாறு என்றால் கோளாறு, பூஜ்யம் அப்படியே இருக்கட்டும் என்றாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, எழுந்து வந்தார்.

பியூரெட்டைக் கழுவினாள். காரக் கரைசலை ஊற்றிக் கொஞ்சம் வடியவிட்டு, காற்றுக்குமிழ் போனதை அவருக்குக் காட்டினாள். பிப்பெட்டில் அமிலத்தை எடுத்தாள். கையுறைக்குள் வெடிப்புகள் எரிந்தன. துளித்துளியாகத் திறந்துவிட்டாள். சிவப்பு எட்டிப் பார்த்தது, கலைந்தது, மறுபடி வந்தது, பிறகு போகவில்லை. திருகை மூடினாள். வாசலில் தலைகள் கூடியிருந்தன. அவற்றில் ஒன்று மகளுடையது என்று தெரிந்தும் அவள் திரும்பவில்லை. அளவையும் பார்க்கவில்லை. ஓர் அடி பின்னால் தள்ளி நின்றாள்.

"நீங்க படிங்க சார்."

ஆசிரியர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். ஒரு கையை மேசையில் ஊன்றி, முழங்கால் மடக்கி, கண் அந்தக் கோட்டுக்கு நேராக வரும்வரை மெல்ல மெல்லக் குனிந்தார்.