முக்கோண அரம்

கடைக்காரர் தங்க நிறத்தில் மினுமினுத்த, துளை போடும் டிரில் பிட் பெட்டியைத் திறந்து கண்ணாடி மேசையில் வைத்தார். "இப்போ எல்லாரும் இதைத்தான் வாங்குறாங்கண்ணே. விலையும் சல்லிசு."

எதிரே நின்ற பட்டறைக்காரரிடம் அந்தப் பருப்பு வேகுமா? ஒன்றை எடுத்து நகத்தால் சுரண்டினார். தங்கம் நகத்தோடு வந்தது. "சாயம் பூசுன சரக்கு. இரும்பைப் பார்த்ததும் அழுதுடும். தனித்தனியா விக்கிறதை எடுங்க. நாலு வாங்கினாலும் நல்லதா வாங்கணும்."

அவர் சாமான் பொறுக்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஒவ்வொரு பிட்டையும் கண்ணாடிமேல் உருட்டுவார். வளைந்தது தத்தித் தத்திப் போகும், நேரானது சத்தமில்லாமல் ஓடும். ஸ்பேனரின் தாடையை ஆட்டிப் பார்ப்பார். எல்லாமே விரலாலும் காதாலும்தான். பக்கத்தில் மனைவி பையோடு நின்றிருந்தாள்.

கண்தான் அவரைக் கைவிட்டுவிட்டது. சில மாதங்களாகவே பிட்டின் தண்டில் பொறித்திருக்கும் எண் அவருக்குப் புகைமூட்டம். இது யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார், பாவம். மனைவிக்குத் தெரிந்தால் மெஷின் பக்கமே விடமாட்டாள். அவர் துளை போட, அவள் அளந்து பெயின்ட் அடிக்க, இருவருமாகப் பிள்ளையைப் போல வளர்த்த பட்டறை அது. மெஷினை விட்டு இறங்கிவிட்டால் அங்கே அவருக்கு என்ன வேலை?

போன வாரம் ஒரு இரும்புக் கேட்டில், ஐந்து மில்லிமீட்டர் துளை போட்டு போல்ட்டுக்கு மரை வெட்ட வேண்டிய இடத்தில் ஐந்தரை போட்டுவிட்டார். மரை பிடிக்காமல் போல்ட் கையோடு கழன்று வந்தது. "பிட்டு மோசம். எல்லாத்தையும் தூக்கிப் போடு" என்று ஒரே போடாகப் போட்டார். அந்தப் பொய்யைக் காப்பாற்றத்தான் இன்று இந்தக் கடைக்கு வந்தது.

"அஞ்சு மில்லில ரெண்டு போதும்" என்று பொறுக்கியதை நீட்டினார்.

"இதுல ஒண்ணு அஞ்சரைண்ணே" என்றார் கடைக்காரர்.

அரை மில்லிமீட்டர் வித்தியாசம் எந்த விரலுக்குப் பிடிபடும்? "இங்க வெளிச்சம் பத்தல" என்றார் பட்டறைக்காரர். வாசலில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

மனைவி பையைத் திறந்து ஒரு துணிச்சுருளை எடுத்து மேசையில் பிரித்தாள். தூக்கிப் போடச் சொன்ன பழைய பிட்டுகள், ஒன்று குறையாமல். "இதுங்க மேல ஒரு தப்பும் இல்லைங்க. சாணை பிடிச்சா இன்னும் நல்லா உழைக்கும்."

"அப்புறம் எதுக்குக் கடைக்குக் கிளம்பி வந்தே?"

"வர்ற வழியிலயாவது சொல்லுவீங்கன்னு பார்த்தேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "எப்போலேருந்து தெரியும்?"

"பேப்பரைப் படிக்காம சும்மா புரட்ட ஆரம்பிச்சீங்களே, அப்போலேருந்து."

"சரி. மெஷினை இனிமே நீயே பார்த்துக்கோ."

அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. கடைக்காரரைப் பார்த்து, "சின்னதா முக்கோண அரம் ஒண்ணு குடுங்க" என்றாள். பிறகு இவர் பக்கம் திரும்பினாள். "தண்டுல கோடு போட்டு வைக்கப் போறேன். அஞ்சுக்கு ஒரு கோடு, அஞ்சரைக்கு ரெண்டு. உங்க விரல் படிச்சுக்கும். மெஷின் ஓடுறப்போ நான் பக்கத்துல நிப்பேன். நாளைக்குக் கண் டாக்டர்கிட்ட போறோம், அதுல மட்டும் சாக்குப்போக்கு சொல்லக் கூடாது."

அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை நாள் இவளிடமா பயந்தோம் என்று வெட்கமாகவும் இருந்தது.

கடைக்காரர் ஒரு அரத்தை எடுத்து அவளிடம் நீட்டினார். பட்டறைக்காரர் குறுக்கே கையை விட்டு வாங்கி, கட்டைவிரலால் அரத்தின் பல்லைத் தடவினார்.

"மழுங்கல். வேற காட்டுங்க."

இரண்டாவதும் பிடிக்கவில்லை. மூன்றாவதை இரண்டு முறை தடவிப் பார்த்து, பிடியை அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார்.

"இது உன் கைக்கு வலிக்காது" என்றார்.