நான்கு இரவு, காலைச் சாப்பாட்டுடன்

தொலைபேசி அடித்தபோது நான் சூட்கேஸின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தேன். அது பூட்டுப்பட மாட்டேன் என்றது. நாலு நாள் பயணத்துக்கு மூன்று சுவெட்டரும் கலியாணத்துக்குத் தைத்த கோட் சூட்டும் வைத்தால் எந்தப் பெட்டிதான் பூட்டுப்படும்? வைத்தது இவர்தான். இவர் என்றால் என் கணவர் யோகராஜா. கமராவுக்கு ஃபிலிம் வாங்கவென்று கோலியர்ஸ் வுட் ஸ்டேஷனடிக் கடைக்குப் போயிருந்தார். பதினொரு மணிக்கு விக்டோரியாவில் கோச். அப்போது எட்டேகால்.

கொழும்பிலிருந்து பத்மநாதன் பேசினான். இவருடைய சித்தப்பாவின் மகன். திங்கட்கிழமை காலையில் கொழும்பிலிருந்து யாரும் சுகம் விசாரிக்க எடுப்பதில்லை. அண்ணை நிற்கிறாரா என்று கேட்டான். வெளியே போய்விட்டார் என்றேன்.

"பெரியப்பா மோசம் போயிட்டார் அண்ணி."

இவருடைய தகப்பனார் இறந்து அன்றைக்குப் பன்னிரண்டு நாளாகியிருந்தது. நெஞ்சுக்குள் என்னவோ செய்கிறது என்று சொல்லிப் படுத்தவர், விடிய எழும்பவில்லையாம். ஊரிலே கொக்குவிலிலிருந்து இவருடைய அக்கா எழுதிய கடிதத்தைக் யுத்தத்தால் பாதை பூட்டிக் கிடக்க, கிளாலிக் கடலேரியில் வள்ளமேறி வந்த ஒரு பெண் மடித்துச் சேலைக்குள் வைத்துக் கொண்டுவந்து முதல்நாள்தான் கொழும்பில் கொடுத்திருக்கிறாள். மகன் அங்கே இல்லாதபடியால் அக்காவின் புருஷன் கொள்ளி வைத்தார். எட்டாம் நாள் படைக்கிற எட்டுச் செலவும் முடிந்துவிட்டது. பத்மநாதன் அழவில்லை, நானும் அழவில்லை. பக்குவமாகச் சொல்லுங்கோ என்று மட்டும் கேட்டுக்கொண்டு வைத்துவிட்டான்.

கதவில் திறப்புப் போடும் சத்தம் கேட்டது. இவர் ஃபிலிமும் இரண்டு சொக்லேட்டுமாய் உள்ளே வந்தார். யார் போனில் என்று கேட்டார். டூட்டிங்கிலிருந்து தவமலர், நல்லபடியாகப் போய் வரச் சொன்னாள் என்றேன். இவ்வளவு சுலபமாகப் பொய் வருமென்று எனக்கு அதுவரை தெரியாது. பிறகு இரண்டுபேருமாகச் சூட்கேஸின் மேல் ஏறி உட்கார்ந்தோம். அது பூட்டுப்பட்டது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். இவர் அப்போது ஒன்பது வருடமாகக் குலசேகரம் என்கிற முதலாளியின் பெற்றோல் செட்டில் வேலை செய்துவந்தார். கிழமையில் ஏழு நாளும். அந்த நவம்பரில், தொண்ணூற்று மூன்றில், நிலத்துக்கடியில் கிடந்த பழைய தாங்கிகளைக் கிண்டி எடுக்க வேண்டுமென்று செட்டை ஒரு கிழமை பூட்டினார்கள். அதற்கு முன்னரே இவர் விலைப்படாத பேப்பர்களிலிருந்து பத்துக் கூப்பன் வெட்டிச் சேர்த்து வைத்திருந்தார். கடலோரத்து பிளாக்பூல், நான்கு இரவு, காலைச் சாப்பாட்டுடன், ஆளுக்கு லண்டனில் ஒரு நல்ல சப்பாத்து வாங்குகிற விலை. கடற்கரை விளக்கு அலங்காரமெல்லாம் முடிந்து ஊர் வெறிச்சோடிய பிறகு கொடுக்கிற சலுகை. படத்தில் கோபுரம் ஒன்றும் சிவப்புக் கம்பளம் விரித்த கசினோ ஒன்றும் இருந்தன. அதை ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்து ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னால் மட்டும் என்ன ஆகப்போகிறது, ஊருக்குப் போகவா முடியும், வெள்ளிக்கிழமை வீடு திரும்பியதும் சொல்லலாம், நாலு நாளாவது மனுஷன் சிரிக்கட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதிப் பாதியை இப்போது சொன்னால் என்ன? எனக்கும் போக ஆசையாக இருந்தது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பக்டரியில் பெட்டி ஒட்டிவிட்டு வந்து ஜன்னலால் பஸ் போவதைப் பார்க்கிற எனக்கும் அந்தக் கோபுரம் வேண்டியிருந்தது.

தகப்பன் செத்தால் பிள்ளைகளுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு. மச்ச மாமிசம் தொடக்கூடாது, சவரம் செய்யக்கூடாது, கொண்டாட்டம் ஒன்றும் கூடாது. அதையெல்லாம் தெரியாமல் மீறுகிறவருக்குப் பாவமில்லை, தெரிந்துகொண்டு பார்த்திருப்பவளுக்குத்தான். செவ்வாய்க்கிழமை காலை விடுதிக்காரக் கிழவி இவருடைய தட்டில் இரண்டு சொசேஜும் பேக்கனும் முட்டையும் வைத்தபோது நான் என் தட்டைத் தள்ளி வைத்தேன். கார்த்திகை மாதம் பிறக்கிறது, விரதம், நான் மச்சம் சாப்பிடவில்லை, நீங்களும் விடுங்களேன் என்றேன். கூப்பனில் எழுதியிருக்கிறதைச் சாப்பிடாமல் விட்டால் அவர்களுக்கல்லவா லாபம் என்று சிரித்துவிட்டு என் தட்டிலிருந்ததையும் எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு காலையும் அறை மூலையிலிருந்த சின்னக் கழுவுதொட்டியில் சவரம் செய்தார். ஒவ்வொரு காலையும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுக்கை விரிப்பைச் சரிசெய்தேன்.

பத்து மணிக்கு வெளியே போய்விட வேண்டும், ஐந்துக்கு முன் வரக்கூடாது என்பது விடுதிச் சட்டம். அதனால் மழையில் நடந்தோம். கடல் சாம்பல் நிறம், வானமும் அதே நிறம். குதிரைவண்டிக்காரன் ஒருவன் எங்களைத் தவிர ஆளில்லாததால் எங்களையே மூன்று தரம் கூப்பிட்டான். இரண்டு பென்ஸ் காசைப் போட்டால் வேறு காசுகளைத் தள்ளி விழுத்துகிற கண்ணாடிப் பெட்டிகளுக்கு முன்னால் இவர் மணிக்கணக்காக நின்றார். ஒரு சாவிவளையம் விழுந்ததற்கு, பத்துப் பரப்புக் காணி எழுதிக் கிடைத்த மாதிரிச் சந்தோஷப்பட்டார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கசினோ வாசலுக்குப் போனோம். உள்ளே விடவில்லை. முதலில் அங்கத்தவராகச் சேர வேண்டும், சேர்ந்து நாற்பத்தெட்டு மணித்தியாலம் போனபிறகுதான் விளையாடலாம், அது நாட்டுச் சட்டம் என்றாள் மேசையிலிருந்த பெண். வேறு யாராவது என்றால் எரிச்சல்பட்டிருப்பார்கள். இவர் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, பெரிய எழுத்தில் ஆறுதலாகப் படிவம் நிரப்பினார். வெளியே வந்து என் காதுக்குள் சொன்னார்: "ஹோம் ஒஃபிஸ் என்னை அகதியெண்டு ஏற்க ஆறு வருசம் எடுத்தது. இவங்கள் ரெண்டு நாளிலை ஸ்டேட்டஸ் தாறாங்கள்."

புதன்கிழமை ஒரு கூடத்துக்குள் போனோம். சுவர் முழுக்க வளைந்த கண்ணாடிகள். ஒன்றில் நான் குட்டைப் பூசணிக்காயாகவும் இவர் தென்னைமரமாகவும் தெரிந்தோம். இவர் கண்ணாடிக்கு முன்னால் கையை ஆட்டிக் காலை ஆட்டிக் கூத்துக் காட்டினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சும்மா புன்னகை அல்ல, சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, மூச்சுமுட்டச் சிரித்தேன். நடுவில் நினைவு வந்தது. அப்படியும் நிற்பாட்ட முடியவில்லை. மாமா என்னை எவ்வளவு அருமையாக நடத்தியவர். ரயில் ஓடாத ஊரில் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டராக இருந்துகொண்டு, மாதம் தவறாமல் கடிதத்தில் எனக்கென்று தனியாக ஒரு பந்தி எழுதுவார். அந்த மனுஷன் சாம்பலாகிக் கிடக்க நான் கண்ணாடிக்கு முன்னால் சிரித்துக்கொண்டு நின்றேன். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. இவர் குறட்டை விட்டுத் தூங்கினார், ஒன்பது வருடத்தில் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை. இன்னும் இரண்டு நாள்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை சவரம் நீண்ட நேரம் நடந்தது. கோட் சூட் போட்டு, டை கட்டத் தெரியாமல் மூன்று தரம் அவிழ்த்துக் கட்டினார். நானும் நல்ல சேலை உடுத்து மேலே கோட் போட்டுக்கொண்டேன். இரண்டரை மணிக்கு உள்ளே போனோம். படத்திலிருந்த சிவப்புக் கம்பளம் இருந்தது, சிகரெட் சுட்ட ஓட்டைகளோடு. ஏழெட்டுக் கிழவர்கள் பேசாமல் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் தேத்தண்ணீரும் சான்விச்சும் இலவசம். இவர் பத்துப் பவுணைச் சில்லுகளாக மாற்றிச் ரூலெட் சுழல்மேசைக்கு முன்னால் போய், கோயிலுக்குள் நிற்கிறவரைப்போல நின்றுவிட்டு உட்கார்ந்தார். கறுப்பில் வைத்தார், வந்தது. திரும்பவும் கறுப்பு, திரும்பவும் வந்தது. நான் தோற்க வேண்டுமென்று வேண்டிக்கொண்டேன். எதையாவது தோற்றுவிட்டு வாடின முகத்தோடு வெளியே வந்தால், பிறகு சொல்வதைச் சொல்லச் சுலபமாயிருக்கும் என்று ஒரு கேவலமான யோசனை. நாற்பது பவுண் சேர்ந்ததும் இவர் சட்டென்று எழும்பிவிட்டார்.

வெளியில் வந்து படியிறங்கும்போது, சீட்டில் 304 விளையாடினால் ஐயா வெல்கிற கையோடு எழும்பிவிடுவார், தோற்றவர்கள் எவ்வளவு கெஞ்சினாலும் உட்கார மாட்டார் என்று சொன்னார். ஸ்டேஷன் அறைக்குள் ஐயாவின் கதிரைக்குப் பின்னால் நின்று சீட்டுப் பார்த்த கதையைச் சொன்னார். தகப்பனைப் பற்றி அவ்வளவு நீளமாக இவர் பேசி நான் கேட்டதில்லை. ஒரு கடையில் நின்று கோபுரப் படம் போட்ட தபாலட்டை ஒன்று வாங்கினார். கடலைப் பார்த்தபடி காற்றுக்கு ஒதுங்குகிற கண்ணாடிக் கொட்டில் ஒன்றில் உட்கார்ந்து, அட்டையைத் தொடையில் வைத்து எழுதத் தொடங்கினார். எழுதுவதை வாய்க்குள் வாசித்துக்கொண்டே எழுதினார். அன்புள்ள ஐயாவுக்கு. நானும் கலாவும் நலம். உங்கள் மகன் கசினோவுக்குப் போய் வென்ற கையோடு எழும்பினவன். வருகிற வருடம் எப்படியாவது உங்களைக் கொழும்புக்கு எடுப்போம், நாங்களும் வருவோம், மூன்றுபேருமாகக் கடற்கரைக்குப் போவோம். பிறகு அட்டையையும் பேனையையும் என் பக்கம் நீட்டினார்.

"கீழை கொஞ்சம் இடம் விட்டிருக்கிறன். நீரும் ரெண்டு வரி எழுதும். ஐயா உம்மடை எழுத்தைத்தான் முதல் தேடுவார்."

பேனையை வாங்கினேன். 'மாமா' என்று எழுதினேன். அதற்குப் பிறகு என்ன எழுதுவது? நலமா என்றா? 'மா'வின் கால் கோணலாகப் போயிருந்தது. இவர் அந்த எழுத்தைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார்.

"மாமா இல்லையப்பா," என்றேன்.

முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. விளங்கியதை நான் கண்ணால் கண்டேன், அது போதும் எனக்கு இந்தப் பிறவிக்கு. எப்போது என்று கேட்டார். இன்றைக்குப் பதினைந்தாம் நாள் என்றேன். கொள்ளி யார் வைத்தது என்று கேட்டார். அத்தான் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். கொட்டிலின் மறுபக்கத்தில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி நாயோடு உட்கார்ந்து சிப்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"உமக்கு எப்ப தெரியும்?"

திங்கட்கிழமை, நீங்கள் ஃபிலிம் வாங்கப் போனபோது என்றேன். உங்களுக்காகத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. இவர் மழமழவென்றிருந்த கன்னத்தைக் கையால் தடவினார். செவ்வாய், புதன், வியாழன் என்று ஒவ்வொன்றாக அவர் திரும்பிப் போய்ப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. தட்டுகளை, காசுப்பெட்டியை, கண்ணாடிகளை. திட்டியிருந்தால் பரவாயில்லை. ஒரு அடி விழுந்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"நேற்று என்னோடை சேர்ந்து நீரும் சிரிச்சனீர்," என்றார். அவ்வளவுதான்.

பிறகு குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். காலுறைகளைக் கழற்றி ஒவ்வொன்றையும் அதனதன் சப்பாத்துக்குள் வைத்தார். மணிக்கூட்டையும் பேர்ஸையும் என் மடியில் வைத்தார். நான் ஏதோ கேட்டேன், காதில் வாங்காமல் படியிறங்கி மணலில் நடக்கத் தொடங்கினார். சாவுச் செய்தி காதில் விழுந்தால் எங்கள் ஆட்கள் முதலில் செய்வது தலை முழுகுவது. முழுகாமல் ஒரு மிடறு தண்ணீரும் குடிப்பதில்லை. கேட்ட நாளிலிருந்து நான் அதைச் செய்யவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வேளைக்கு வேளை தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

வற்று நேரம். கடல் வெகுதூரம் உள்வாங்கியிருந்தது. ஈர மணலில் கோட் சூட்டோடு அவர் நடந்து போகப்போகச் சின்னதாகிக்கொண்டே போனார். நாலு மணிக்கே வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது. அந்தக் குளிரில் யாரும் விரலைக்கூட நனைக்க மாட்டார்கள். வெள்ளைக்காரக் கிழவி சிப்ஸை வைத்துவிட்டு எழுந்து வந்து, அவருக்கு ஒன்றும் இல்லையே என்று என்னைக் கேட்டாள். ஓம் என்றேன். தமிழில்தான் சொன்னேன். அவள் என் தோளில் கை வைத்தாள். நான் மணிக்கூட்டையும் பேர்ஸையும் தபாலட்டையையும் அவள் கையில் திணித்துவிட்டு ஓடினேன்.

அவர் ஒருதரம் தாழ்ந்து எழும்பினார். இரண்டாம் தரம் தாழ்ந்தார். எழும்பிய தலையைக் கண்டபிறகுதான் நான் மூச்சு விட்டேன். கோட்டைக் கழற்றி மணலில் போட்டேன், செருப்பு எங்கேயோ கழன்று போயிருந்தது. தண்ணீர் கணுக்காலைத் தொட்டதும் குளிர் எலும்புக்குள் ஏறி வாயடைத்துவிட்டது. அவர் மூன்றாம் தரமும் முழுகி எழுந்து, முகத்தைத் துடைக்காமல், கரைக்கு முதுகைக் காட்டியபடி நின்றார். பின்னால் நான் வருகிற சத்தம் கேட்டிருக்கும். திரும்பவில்லை. நான் இடுப்பளவு தண்ணீரில் நின்று மூக்கைப் பிடித்துக்கொண்டு தாழ்ந்தேன். எழும்பிக் கண்ணைத் திறந்தபோது, வற்றுத் தண்ணீர் இழுத்த என் சேலைத்தலைப்பு தன்பாட்டில் விரிந்து அவர் நின்ற பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. இன்னும் ஒரு முழம் இருந்தது.