கூடைக்குள் பொயிலர்

இப்போதெல்லாம் மனிதர்களுக்கு எதை உடுத்துவது என்று ஒரு கணக்கே இல்லாமல் போய்விட்டது. நல்ல காற்சட்டையைக் கிழித்துப் போட்டுக்கொள்கிறான் ஒருவன். கண் நன்றாகத் தெரிகிறவள் நெற்றியில் ஒரு பெரிய கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரிகிறாள். ஊரான் பிள்ளை என்றால் காறித் துப்பிவிட்டுப் போகலாம். அந்தக் கண்ணாடிக்காரி என் மகள்.

பிரியந்தி கொழும்புப் பக்கம் தையல் பக்டரியில் வேலை செய்கிறாள். அங்கே ஒரு கூட்டத்தோடு சேர்ந்துவிட்டாள். மண்டபம் பிடித்து, வேஷம் போட்டுக்கொண்டு கூடுவார்களாம். ஊர்வலமும் போவார்களாம். வேஷத்துக்கு ஸ்டீம்பங்க் என்று பெயர்.

"அப்படின்னா என்னாடி?"

"கரண்டு வராம உலகம் பூரா நீராவியிலயே ஓடியிருந்தா மனுசன் எப்படி இருந்திருப்பான்? அந்த வேஷம்ப்பா."

"எப்படி இருப்பான்? என்னைப் பாரு. முப்பத்தொரு வருசம் தேயிலை ஸ்டோருல பொயிலருக்கு வெறகு போட்டவன். புருவம் பொசுங்கி இருப்பான்."

சிரித்தாளே தவிர விடவில்லை. லீவில் அக்கரப்பத்தனைத் தோட்டத்து வீட்டுக்கு வந்து, அவள் அம்மா ராசம்மா தேயிலை பறித்த பழைய கொழுந்துக் கூடையை எடுத்து, அதற்குள் தகரத்தில் ஒரு பொயிலர் செய்தாள். அடியில் சின்ன விளக்கு, மேலே செம்புக் குழாய். தண்ணீர் கொதித்தால் தோளுக்கு மேலே ஆவி வரும். இலையை அரைத்துக் காயவைத்த அந்த ஸ்டோரை மூடிய நாளில் நான் கேட்டு வாங்கி வந்த, ஆவியின் அழுத்தம் காட்டும் பித்தளை மீட்டரை நெஞ்சில் கட்டிக்கொண்டாள். கூடைக் கயிறு தலையில், தாய்க்காரி போட்ட மாதிரியே.

ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் ஊர்வலம். நானும் போனேன். வேடிக்கை பார்க்க இல்லை, மீட்டரைப் பார்த்துக்கொள்ள. கூட்டத்தில் எவனை நம்புவது?

வாவி ஓரத்தில் ஒரே சனம். பத்து மணிக்கு ஹோர்ன் அடித்தால் ஊர்வலப் பாதையை மறித்துக் கயிற்றைக் கட்டிவிடுவார்கள், பிறகு ஒருவரையும் உள்ளே விடமாட்டார்கள் என்று அவளுடைய கூட்டத்துத் தலைவன் யோகேஸ்வரன் போனில் சொல்லியிருந்தான். பிரியந்தி குனிந்து விளக்கைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். அப்போது தொப்பி போட்ட ஒருவன், கையில் லிஸ்ட்டோடு சத்தம் போட்டான்.

"அக்கரப்பத்தனை ஆளுங்க வரிசையில நில்லுங்க! பேர் எழுதணும்!"

நான் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடிப்போய் வரிசையில் நின்றேன். தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பேர் விழவில்லை என்றால் அன்றைக்கு வேலை இல்லை. அப்படியே நின்று பழகிய கால், யோசித்தா நிற்கும்? "பிரியந்தி, ஆண்டியப்பன் மக" என்று நானே சொன்னேன். அவன் கூடையைப் பார்த்தான், எழுதினான், ஒரு அட்டையைக் கொடுத்தான். எனக்குப் படிக்கத் தெரியாது. அவள் படித்தாள். முகம் செத்துப்போனது.

"என்னப்பா செஞ்சீங்க? இது கொழுந்துக் கூடை டான்ஸ் வரிசை."

அப்போதுதான் முன்னால் பார்த்தேன். சிவப்புச் சேலையில் இருபது பெண்பிள்ளைகள், முதுகில் விளையாட்டுக் கூடை.

"ஸ்கூல்ல ஏழு வருசம் இதைத்தான் ஆடினேன். வெரலை ஆட்டி ஆட்டி, கேமராவப் பாத்துச் சிரிச்சு. இன்னிக்கு மிசின் செஞ்ச ஆளா நடக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டுத் தொப்பிக்காரனிடம் போய், தன் கூட்டத்தோடு நடக்க விடச் சொன்னாள்.

"அக்கா, கூடைக்காரங்க இந்தப் பக்கம்தான்" என்றான் அவன். "அங்க போகணும்னா கூடையக் கழட்டி வச்சிட்டுப் போங்க."

"கழட்ட மாட்டேன். அதுலதான் பொயிலர் இருக்கு."

"பேர் விழுந்திருச்சே. ஒரே பேர் ரெண்டு லிஸ்ட்டுல இருக்க ஏலாது."

பத்து மணிக்கு நாலைந்து நிமிடம்தான் இருந்தது. "கழட்டிரு தாயி, நான் வச்சிக்கிறேன்" என்றேன். அவள் என்னை முறைத்தாள். பிழை என்னுடையது. தொப்பிக்காரன் முன்னால் போய் நின்றேன்.

"தம்பி, அந்தப் பேரை வெட்டு."

"என்ன பெரியவரே?"

"எழுதச் சொன்னது நானு. வெட்டுங்கறேன்."

பேரை வெட்டாதீங்க ஐயா என்று தோட்டத்தில் பேர் எழுதும் கண்டாக்கையாவிடம் எத்தனையோ தரம் கெஞ்சியிருக்கிறேன். வெட்டச் சொல்லி ஒருவனிடமும் நின்றதில்லை. நாக்குக் கூசியது.

"அவங்க சொல்லணும்" என்றான் அவன்.

"வெட்டுங்க" என்றாள் பிரியந்தி. அந்த நேரம் பார்த்து அவள் தோளுக்கு மேலே புஸ்ஸென்று ஆவி வந்தது. அவன் ஒரு எட்டு பின்னால் போய்விட்டான். "ஐயோ, வெடிக்குமா அக்கா?"

"வெட்டினா வெடிக்காது."

ஒரே கோடாக வெட்டினான். அவள் அட்டையை அவன் கையில் திணித்துவிட்டு, தலைக்கயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஓடினாள். கயிறு கட்டும் இடத்தை அவள் தாண்டியதும் ஹோர்ன் அடித்தது.

ஊர்வலத்தில் கடைசி ஆளாக வந்தாள். கேமரா வைத்திருந்த ஒருவன் விரலை ஆட்டி, கொழுந்து பறிப்பது போல் செய்யச் சொன்னான். இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றிக்கொண்டு நேராக நடந்தாள். என்னைத் தாண்டும்போது கத்தினாள்.

"எப்படிப்பா இருக்கு?"

"மீட்டரு முள்ளு அசையவே இல்லடி!"

"அசைஞ்சா நான் செத்தேன்ப்பா!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், கைதட்டினார்கள். எதற்குத் தட்டினார்களோ. ஆவி வந்தால் ஒரு உருளையாவது சுற்ற வேண்டும், ஒரு இலையாவது காய வேண்டும். இதில் ஒன்றும் இல்லை. மீட்டரை அவளே பார்த்துக்கொள்வாள், மாலையில் கழற்றி வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தேன்.