தூங்கும் பிள்ளைக்கு ஊசி

சென்னையிலிருந்து ரிஃபானாவின் மரபணு ரிப்போர்ட் வந்த அன்று டாக்டர் செந்தமிழன் என்னைக் கூப்பிட்டு, முதலில் உட்காரச் சொன்னார். இந்த ஆஸ்பத்திரியின் சர்க்கரைப் பிரிவில் இருபத்தாறு வருஷமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். எந்த டாக்டரும் என்னை உட்கார வைத்து விஷயம் சொன்னதில்லை.

“சுபலட்சுமி மேடம், இந்தப் பொண்ணுக்கு ஊசியே வேணாங்க. மாத்திரை போதும்.”

எனக்குக் கோபம்தான் வந்தது. ரிஃபானாவுக்குப் பதினோரு வயது. பிறந்து இரண்டரை மாதத்தில், மூச்சு இரைக்க இரைக்க, பாலக்கரையிலிருந்து ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அன்று ஆரம்பித்த இன்சுலின், ஒரு நாளைக்கு நாலு ஊசி. அப்பா நஸ்ருல்லா குவைத்தில். குத்துவது முழுக்க அம்மா கமர் ஜஹான். கமருக்கு ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவள் நான். இப்போது இவர் வந்து மாத்திரை என்கிறார்.

“என்ன சார் விளையாடுறீங்களா? குழந்தையில வந்த சர்க்கரைக்கு மாத்திரை எப்படி சார் கேக்கும்?”

“பெரும்பாலான பிள்ளைங்களுக்குக் கேக்காது. இவ கணையத்துல இன்சுலின் இருக்கு மேடம். வெளிய வர்ற கதவு மட்டும் பூட்டிக்கிட்டிருக்கு. பொறப்புலயே ஒரு சின்ன மரபணுக் கோளாறு. இந்த மாத்திரை அந்தக் கதவைத் திறந்து விடும்.”

பிறந்து ஆறு மாதத்துக்குள் சர்க்கரை வந்த பிள்ளைகளைப் பற்றி அவர் ஓர் ஆய்வு நடத்திக்கொண்டிருந்தார். வையம்பட்டி, முசிறி, ஜீயபுரம் என்று போன் போட்டு, கெஞ்சி, திட்டி, பிள்ளைகளை ரத்தம் கொடுக்க வரவழைத்தவள் நானேதான். எங்கேயோ ஒரு பேப்பரில் அச்சாகும், டாக்டருக்குப் பெயர் கிடைக்கும், நமக்கென்ன என்றுதான் நினைத்திருந்தேன். எனக்குத் தெரிந்த பிள்ளையின் தலையெழுத்தையே அது புரட்டிப்போடும் என்று நான் நினைக்கவே இல்லை.

கமரிடம் நானே சொன்னேன். அவள் குதிப்பாள், அழுவாள், என்னைக் கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “சரிங்கக்கா” என்றாள். அவ்வளவுதான். வாயாடி அவள், தையல் மெஷினைவிட வேகமாகப் பேசுவாள். அந்த ஒற்றைச் சொல்லைக் கேட்டபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ஆய்வின் பகுதியாகவே ரிஃபானாவை வார்டில் சேர்த்தோம். மாத்திரையைத் தினமும் கொஞ்சம் கூட்டி, ஊசியைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். மூன்றாம் நாளிலிருந்து ஊசியே கிடையாது. அன்று சாப்பாட்டுக்குப் பின்னும் சர்க்கரை நூறைத் தாண்டவில்லை. டாக்டர் வார்டு வராந்தாவில் சின்னப் பையன் மாதிரி நடந்தார். “இவ்வளவு வேகமா வேலை செய்யும்னு நானே நினைக்கலங்க” என்றார். அன்று சாயங்காலம் ஸ்ரீரங்கம் பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டும்போது எனக்குத் தானாகச் சிரிப்பு வந்தது. பக்கத்து சீட்டு அம்மா ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

நாலாம் நாள் காலை பத்தரை மணி. கமர் டீ வாங்கப் போயிருந்தாள். நான் ரிஃபானாவின் கட்டிலுக்குப் போனபோது பிள்ளை தலையணை நனைய வியர்த்துக் கிடந்தாள். கூப்பிட்டேன், உலுக்கினேன், கண் திறக்கவில்லை. விரலில் குத்தி மீட்டரில் வைத்தேன். சர்க்கரை இருபத்தெட்டு. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து.

எத்தனையோ பார்த்தவள்தான் நான். இருந்தும் அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. கத்தினேன். டாக்டர் ஓடி வந்தார். நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினோம். எத்தனை நிமிஷம் ஆனது என்று எனக்குத் தெரியாது. பிள்ளை உதட்டை நக்கி, “தண்ணி” என்றபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. திரும்பினால் கமர் டீ பிளாஸ்கோடு வாசலில் நிற்கிறாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

டாக்டர் என்னைத் தனியே அழைத்துப் போனார். அவருடைய குரலே மாறியிருந்தது. “இந்த அளவுக்கு இறங்கினா ஆய்விலிருந்து எடுத்துடணும்னு விதி இருக்கு. மாத்திரை இவளுக்கு ஒத்துக்கல போல. பழையபடி ஊசியிலயே அனுப்பிடலாங்க.”

ஒருமுறை எடுத்துவிட்டால் எடுத்ததுதான். பிறகு எந்த டாக்டரும் இந்த மாத்திரையை அவளுக்குக் கொடுக்கத் துணிய மாட்டார். ஆயுள் முழுக்க நாலு ஊசி. அதுவும், தேவையில்லை என்று தெரிந்த பிறகு.

எந்த இடத்தில் கடைசியாகக் குத்தியது என்று பார்க்கக் கமரின் நோட்டை எடுத்தேன். குத்தினால் எழுத வேண்டும், ஒரே இடத்தில் குத்தக் கூடாது என்று நான் பழக்கியது: வலது தொடை, இடது தொடை, வயிறு, கை. பதினோரு வருஷத்தில் ஒரு நாள் விட்டதில்லை. மற்ற அம்மாக்களுக்கு அவள் நோட்டைத்தான் காட்டுவேன். இன்னொன்றும் பெருமையாகச் சொல்வேன்: விடிகாலை ஐந்து மணிக்கு, நாள் முழுக்கத் தாங்குகிற ஊசியை, தூங்குகிற பிள்ளைக்கு எழுப்பாமலே போட்டுவிடுவாள் கமர், பிள்ளைக்குத் தெரியவே தெரியாது என்று.

கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். ஊசி நிறுத்திய மூன்றாம் நாள் தேதிக்கு எதிரே, விடிகாலை, வலது தொடை என்று எழுதியிருந்தது. இன்றைய தேதிக்கு எதிரே, விடிகாலை, இடது தொடை.

திருட்டுத்தனமாகக் குத்தியிருக்கிறாள். குத்திவிட்டு, நான் சொல்லிக்கொடுத்தபடி எழுதியும் வைத்திருக்கிறாள்!

“கமர்!” நான் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பியது. “புள்ளைய கொல்லப் பார்த்தியாடி? மாத்திரையும் குடுத்து ஊசியும் போட்டா என்னாகும்? உனக்கு அறிவு இருக்கா?”

அவள் என் கையிலிருந்த நோட்டை வாங்கி, முதல் பக்கத்தைத் திறந்து காட்டினாள். பழுப்பேறிய ஒரு தாள், ஓரமெல்லாம் டேப் போட்டு ஒட்டியிருந்தது. பதினோரு வருஷமாக ஒவ்வொரு புது நோட்டிலும் அதைப் பெயர்த்து ஒட்டியிருக்கிறாள். நான் எப்போதும் கடைசிப் பக்கத்தை மட்டுமே பார்ப்பவள். அதில் சிவப்பு மையில் என் கையெழுத்து.

‘யார் சொன்னாலும் ஊசியை நிறுத்தக் கூடாது. டாக்டர் சொன்னாலும் நிறுத்தக் கூடாது.’ கீழே என் பெயர்.

“அல்லா மேல ஆணையா நிறுத்த மாட்டேன்னு சொல்ல வச்சீங்களேக்கா. மறந்துட்டீங்களா?”

மறந்துதான் போயிருந்தேன். அதை எழுதிய வருஷம் முசிறிப் பக்கமிருந்து ஏழு வயதுப் பையன் ஒருவன் வந்தான். டாக்டர் என்று போர்டு மாட்டிக்கொண்ட யாரோ, ஊசி வேண்டாம், என் மருந்து போதும் என்று சொல்ல, வீட்டில் நம்பிவிட்டார்கள். நாலே நாளில் பையன் என் கையிலேயே போய்விட்டான். அந்த ஆத்திரத்தில் வருகிற அம்மாக்களிடமெல்லாம் அப்படி எழுதிக் கொடுத்தேன், சத்தியம் வாங்கினேன். கமர் என் பேச்சைக் கேட்டாள். கேட்டதுதான் அவள் செய்த தப்பு.

டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். “மாத்திரை மேல தப்பில்ல சார். தப்பு என் மேல” என்றேன். அவர் நோட்டின் இரண்டு பக்கங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். “இதை அப்படியே எழுதி ஆய்வுக் குழுவுக்கு அனுப்புறேன். அவங்க சம்மதிச்சா மறுபடி ஆரம்பிக்கலாம்” என்றார். மறுநாளே சம்மதம் வந்தது.

கமர் பேனாவை என்னிடம் நீட்டினாள். “நீங்க எழுதினது. நீங்களே அடிங்க.”

அடித்தேன். கோடு நேராக வரவில்லை. அவள் பையின் அடியிலிருந்து துணி சுற்றிய சின்ன பிளாஸ்கை எடுத்து என்னிடம் கொடுத்தாள். உள்ளே இன்சுலின் பாட்டில் சில்லென்று இருந்தது.

அன்றிரவு நான் வீட்டுக்குப் போகவில்லை. விடிகாலை தொழுதுவிட்டு வந்து கட்டில் அருகில் உட்கார்ந்த கமர், இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். ஐந்து மணி ஆனது, ஐந்தரை ஆனது. பத்தரைக்கு நூற்றுப் பதினாறு. மறுநாள் நூற்றுப் பத்து. அதற்கு மறுநாளும் அப்படியே. ஒரு ஊசிகூட இல்லை. டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் கமர் சிரிக்கவில்லை.

டிஸ்சார்ஜ் அன்று ரிஃபானா ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கமர் துணி மடித்துக்கொண்டே தாழ்ந்த குரலில் ஆரம்பித்தாள். “ஒரு நாளைக்கு நாலு. பதினோரு வருஷம். பதினாறாயிரம் தடவை குத்தியிருக்கேங்கக்கா. மாத்திரையில முடிஞ்சிருக்க வேண்டியதை.”

“நீ குத்தலைன்னா இந்த டெஸ்ட் எடுக்க அவ இருந்திருக்க மாட்டாடி” என்றேன். உண்மைதான். ஆனாலும் என் காதுக்கே அது போதவில்லை.

“ஒண்ணுதான் ஆறுதல்” என்றாள் கமர். “விடிகாலை ஊசி அவளுக்குத் தெரியாது. தூக்கத்துல போட்டது. அதுல ஒரு நாலாயிரத்தைக் கழிச்சுக்கலாம்.”

“தெரியும்மா” என்றாள் ரிஃபானா.

திரும்பக்கூட இல்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “நான் முழிச்சிட்டுதான் இருப்பேன். அசைஞ்சா உனக்குக் கை நடுங்கும். அப்புறம் அடுப்படியில போயி அழுவ.”

கமரின் கையிலிருந்த துணி கீழே விழுந்தது. எத்தனை அம்மாக்களிடம் பெருமை பேசியிருப்பேன்!

“அப்ப... இங்க, ஊசி நிறுத்தின அப்புறம் நான் போட்டது?” என்று கேட்டாள் கமர்.

“அதுவும் தெரியும்.”

“ஏன்டி யார்கிட்டயும் சொல்லல?”

ரிஃபானா இப்போதுதான் திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.

“நீ பயந்துபோயிருந்தியேம்மா” என்றாள்.