ஜெபப் புத்தகத்தில் இல்லாத மெட்டு

சுவருக்கு அந்தப்பக்கம் லூர்துராணி ஆர்மோனியத்தைத் திறக்கும் சத்தம் கேட்டதும் ரெங்கம்மாள் பேனாவின் மூடியைக் கழற்றிவிடுவாள். மதியம் இரண்டு மணி. உறையூரில் அந்த இரண்டு வீடுகளுக்கும் நடுவே ஒற்றைச் சுவர்தான். கணவன் வீரமலை டவுன் பஸ்ஸில் கண்டக்டர், பொழுது சாய்ந்துதான் வருவான். பிள்ளைகள் இல்லை. கல்யாணமான இந்த ஆறு வருஷத்தில் அவளுக்கே அவளுக்கென்று இருந்தது இந்த மதிய நேரமும், கதை எழுத ஒரு நோட்டும்தான்.

லூர்துராணி பள்ளிக்கூட டீச்சர். காலை வகுப்பு முடிந்து வந்ததும் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கான பாட்டுகளை வாசித்துப் பழகுவாள். விரல் தப்பினால் நிறுத்தி மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். இந்தப்பக்கம் ரெங்கம்மாளும் எழுதிய வரியை அடித்துவிட்டு வேறு எழுதுவாள். எல்லாம் முடிந்தபின் ஜெபப் புத்தகத்தில் இல்லாத ஒரு மெட்டு வரும். மேலே ஏறிப் போய், இறங்க மனமில்லாமல் அங்கேயே நின்றுவிடுகிற மெட்டு. அது வரும்போது மட்டும் ரெங்கம்மாளுக்கு எழுத ஓடாது. கேட்டுக்கொண்டே இருப்பாள்.

கொல்லையில் துணி காயப்போடும்போது ஒருநாள் அதைப் பற்றிக் கேட்டாள். லூர்துராணி ஈரச் சேலையை உதறியபடியே சொன்னாள். அருளப்பன் கற்றுக்கொடுத்தது. கோயிலில் இருவருக்கும் கல்யாண ஓலை வாசித்தாகி, கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது கொழும்புக்குப் போனவன். நாலு வருஷமாகக் கடிதம் இல்லை.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா. இது அவரு பாட்டுன்னு எங்கப்பாவுக்கே தெரியாது."

ரெங்கம்மாள் யாரிடமும் சொல்லவில்லை. எழுதினாள். மூன்றே மதியங்களில், அழுதுகொண்டே எழுதி முடித்தாள். பெயரை மாற்றினாள், ஆர்மோனியத்தை வீணையாக்கினாள், கடைசியில் அந்தப் பெண்ணைக் காவேரியில் இறக்கிவிட்டாள். ஐப்பசியில் ஒரு மாதப் பத்திரிகையில் கதை வந்தது. வீரமலைக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு பிரதியைப் பக்கத்து வீட்டிலும் கொடுத்துவிட்டு வந்தான்.

மறுநாள் இரண்டு மணிக்குச் சத்தமில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. மூன்றாம் நாள் பூசைப் பாட்டுகள் கேட்டன. அந்த மெட்டு வரவில்லை. ரெங்கம்மாள் எழுந்து போனாள்.

லூர்துராணி பரீட்சைத் தாள் திருத்த உட்கார்ந்திருந்தாள். "வாங்கக்கா" என்றாள், எப்போதும் போலத்தான்.

"பேரெல்லாம் மாத்திட்டேன் ராணி. உன்னைன்னு யாருக்கும் தெரியாது."

"தெரிஞ்சாலும் பரவாயில்லக்கா." கையிலிருந்த தாளை மடித்தாள். "நேத்து ராத்திரி சத்தம் வராம அந்தப் பாட்டைத் தொட்டுப் பார்த்தேன். முன்னெல்லாம் அவரு பக்கத்துல உக்காந்து, தப்பு தப்புன்னு சிரிக்கிற மாதிரி இருக்கும். இப்ப அந்தப் பொண்ணு ஆத்துல இறங்குறதுதான் கண்ணுல நிக்குது. அவ்வளவு நல்லா எழுதிட்டீங்க."

குரலில் கோபமே இல்லை.

"அவளை ஏங்கா சாகவிட்டீங்க? நான்தான் இருக்கேனே."

கிறிஸ்துமஸ் முடிந்ததும் லூர்துராணி வீட்டார் காட்டூருக்குக் குடிபோனார்கள். அப்பாவுக்கு வேலைக்குப் போக வசதி என்றார்கள். அந்த வீட்டுக்கு ரேடியோவோடு ஒரு குடும்பம் வந்தது. பத்திரிகையிலிருந்து இன்னொரு கதை கேட்டு எழுதியிருந்தார்கள். ரெங்கம்மாள் தினமும் நோட்டை விரித்தாள். ரேடியோவில் யாராரோ பாடினார்கள். ஒரு வரியும் வரவில்லை. மன்னிப்புக் கேட்டு எழுதத் தொடங்கிய கார்டுகூட, இரண்டு வரி தாண்டியதும் கதை மாதிரி ஆகிவிட்டது. கிழித்துப்போட்டாள்.

ஈஸ்டர் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காட்டூர் பஸ் ஏறினாள். மாதா கோயிலுக்கு எதிரே வாகை மரத்தடியில் நின்றாள். உள்ளே எல்லாரும் சேர்ந்து பாடியதில் ஆர்மோனியம் தனியாகக் காதில் விழவில்லை. பூசை முடிந்து பெண்கள் வெளியே வந்தார்கள். நடுவில் லூர்துராணி, தலையில் வெள்ளை முக்காடு. யாரோ ஏதோ சொல்ல, லேசாகச் சிரித்தாள். பிறகு வெயிலுக்குக் கையைக் குடைபிடித்துச் சாலைப் பக்கம் பார்த்தாள்.

ரெங்கம்மாள் ஓரடி முன்னால் வைத்தாள். அதற்குள் குறுக்கே ஒரு பஸ் வந்து நின்றது. ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களுமாக அதன் ஜன்னல்களில் தலைகள் அசைந்தன. அவற்றுக்கு நடுவே, அந்த வெள்ளை முக்காடு துண்டு துண்டாகத் தெரிந்துகொண்டிருந்தது.